ஜூலை மாதத்துக் கதவு

மூன்றாம் வரிசை, ஜன்னலோரம்.
வெயில் விழுகிற இடமாகப் பார்த்துத்தான் ஒதுக்கினேன்.
பெயரை அட்டையில் எழுதி
மேசையில் ஒட்டியும் வைத்தேன்: மிர்லாந்.

வந்தாள். அட்டையைப் பார்த்தாள்.
பென்சிலால் என் எழுத்துப் பிழையைத் திருத்தினாள்.
பிறகு நாற்காலியை மட்டும் இழுத்துக்கொண்டு போய்
கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.
நாற்காலிக் கால்கள் தரையைக் கீறிய சத்தத்தில்
முப்பத்திரண்டு தலைகள் திரும்பின.

நான் வாயைத் திறந்தேன்.
எதற்கோ மூடிக்கொண்டேன்.
இருபது வருஷ வேலையில் செய்த நல்ல காரியங்களில்
பாதி இப்படி நேர்ந்தவைதான்.

கலாமாவில் மழை கிடையாது.
குளிருக்குக் குறைவில்லை.
ஜூலைக் காலையில் குழாய்கள் தண்ணீர் தர மறுக்கும்.
செம்புச் சுரங்கத்துத் தூசு
காற்றோடு உள்ளே வந்து
நம் வீட்டு ஆள்போல் பலகையில் உட்காரும்.
கதவைச் சாத்தினால் எழுந்து நிற்கிறாள்.
திறந்தால் உட்காருகிறாள்.
ஸ்பானிஷ் இன்னும் வரவில்லை அவளுக்கு.
இது ஒன்றைச் சொல்ல
எந்த மொழியும் தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் அவள் அப்பா வந்தார்,
சிமெண்ட் அப்பிய பூட்ஸை வெளியே கழற்றிவிட்டு.
ஹைத்தி என்றார். லே கேய் என்றார். ஆகஸ்ட் என்றார்.
இரண்டு உள்ளங்கைகளையும்
ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார்,
மாடியும் கீழ்வீடும்,
இடையே காற்றுக்கும் இடமில்லாமல்.
வாசல்நிலை மட்டும் நின்றது, என்றார்.
இவள் அதனடியில் நின்றாள்.

கதவுக்கு ஒரு செங்கல் வைத்தோம்.

வகுப்பில் நான் எதையும் விளக்கவில்லை.
மறுநாள் யெர்க்கோ தன் அண்ணனின் சுரங்கக் கோட்டில் வந்தான்,
கைகள் முழங்காலைத் தொட.
நயாரெத் கையுறையின் விரல்நுனிகளைக் கத்தரித்திருந்தாள்,
எழுத வசதியாக.
பின்வரிசையில் நாலு பேருக்கு ஒரு போர்வை.
பின்னக் கணக்கு நடத்தினேன்.
அரைக்கால் என்று சொன்னாலும்
வாயிலிருந்து ஆவி முழுசாகத்தான் வந்தது.

தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார்.
ஹீட்டருக்கு மாதம் எவ்வளவு ஆகிறது தெரியுமா என்று ஆரம்பித்தார்.
கோட்டுகளைப் பார்த்தார்.
கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார்.

யெர்க்கோ கதவைக் காட்டிக் கேட்டான்:
உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?
போத், என்றாள்.
அன்று முழுக்க அவன்
கழிப்பறைக் கதவு, காவலாளி அறைக் கதவு, பேருந்தின் கதவு
ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிப் பெயர் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

எங்கள் ஊரில் நிலம்
கொட்டாவி விடுவது மாதிரி அசையும்.
சின்ன அசைவுக்கெல்லாம் யாரும்
பேனாவைத் தூக்குவதுகூட இல்லை.
வியாழன், பதினொன்றரை. விளக்கு ஆடியது.
ஒரு சாக்பீஸ் உருண்டு விளிம்பில் நின்றது.
எல்லோரும் குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஓடிவிடுவாள் என்று நினைத்தேன்.
கதவு இரண்டடியில், திறந்து கிடந்தது.
ஓடவில்லை.
நாற்காலியின் விளிம்பைப் பிடித்தபடி
அப்படியே உறைந்திருந்தாள்.

யெர்க்கோதான் முதலில் பார்த்தான்.
பேனாவை மூடி வைத்துவிட்டு மேசைக்கடியில் போனான்.
ஆட்டம் அதற்குள் நின்றுவிட்டிருந்தது.
அடுத்து நயாரெத். அப்புறம் போர்வைக்காரர்கள் நாலு பேரும்.
நின்றுபோன நடுக்கத்துக்கு
ஒரு வகுப்பே ஒளிந்துகொண்டது.

அவள் பக்கத்தில் இருந்தது என் மேசை ஒன்றுதான்.
உள்ளே புகுந்தாள்.
முழங்கால் முனக நானும் புகுந்தேன்.

மேசையின் அடிப்பக்கம்
கல்லாகிப்போன சூயிங்கம் ஒன்று.
விரலால் தொட்டாள். மூக்கைச் சுளித்தாள்.
சீ, அழுக்கு, டீச்சர், என்றாள்
சுத்தமான ஸ்பானிஷில்.
நான் ஒட்டியதில்லை என்றேன்.
அவள் நம்பின மாதிரி தெரியவில்லை.

செங்கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.
இன்று காலை அவள் நாற்காலி
கதவிலிருந்து இரண்டு தளக்கல் தள்ளியிருந்தது.
பெருக்குகிறவர் நகர்த்தியிருக்கலாம்.
நான் கேட்கவில்லை.
யாரும் கோட்டைக் கழற்றவுமில்லை.